பட்டுப்போகிற வாழைக்குப் பற்றீரியா ஊற்றலாமா? ஒரு வாசகிக்குப் பதில்

பதுளை மாவட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார், கூடவே ஏழு படங்கள். பெயரும் தோட்டத்தின் பெயரும் வெளியே வரக்கூடாது என்று கேட்டதால் இரண்டையும் எடுத்துவிட்டேன். ஆள் யார் என்று காட்டிக்கொடுக்கக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

16 வருடம் கொழுந்து எடுத்தவர். முதுகு வலி தாங்காமல் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவில், பேரை வெட்டிக்கொண்டு, சீட்டுக் காசும் அடகு வைத்த தோட்டின் காசும் சேர்த்து, பக்கத்துக் கிராமத்தில் அரை ஏக்கர் காணியைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். முன்பு தேயிலையாக இருந்து காடு பிடித்துப் போன சரிவு. அதைத் துப்புரவாக்கி 190 கோலிகுட்டு வாழை நட்டார். முதல் வெட்டு நன்றாகவே வந்தது. போன வருடம் கீழ் மூலையில், தண்ணீர் வடிகிற கான் வந்து முடிகிற இடத்தில், 3 மரம் மஞ்சளானது. இப்போது 27. கீழ் இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்போடு முறிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டினது போலத் தொங்குகிறது, அடித்தண்டு நெடுக வெடிக்கிறது என்று எழுதியிருக்கிறார். மாமனார் கச்சான் காற்றின் சூடு என்கிறார். கொழுந்தன், தோட்டத்தில் தேயிலைக்கு அடிக்கிற கொப்பர் மருந்தைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் ‘நன்மை செய்யும் பற்றீரியா’ என்று ஒரு போத்தலைக் காட்டி, ஒன்று 3,800 ரூபாய், 6 போத்தல் ஊற்றினால் 21 நாளில் மரம் தெளிந்துவிடும் என்று சொல்லிப் போயிருக்கிறார். இதற்கிடையில் திருச்சிப் பக்கம் இருக்கிற சித்தி மகன் அடுத்த மாதம் வருகிறாராம், வரும்போது பற்றீரியாத் தூளும் நல்ல சாதி வாழைக் கன்று நாலைந்தும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வருகிறேன் என்கிறாராம். காணிக்காரரோ, நோயைக் கொண்டுவந்தது நீதான், நட்டத்தைக் கட்டு என்கிறார்.

கேள்விகள்: அந்தப் போத்தலை வாங்கலாமா, பிள்ளைகள் ஓடித்திரிகிற இடத்தில் பற்றீரியா ஊற்றினால் ஆபத்தா, பச்சையாக நிற்கிற மரங்களின் குட்டியை எடுத்து நடலாமா, இல்லை வாழையையே விட்டுவிடலாமா?

தங்கச்சி, காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 6 போத்தலும் வேண்டாம், ஒரு போத்தலும் வேண்டாம். அதற்காகப் பற்றீரியா என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். பற்றீரியா உண்மை, அது வேலை செய்வதும் உண்மை, 21 நாளில் மரம் தெளியும் என்பதுதான் பொய். இரண்டையும் ஒரே போத்தலில் அடைத்து விற்கிறார்கள், அதுதான் சிக்கல்.

கத்தியும் ஒரு கிளாஸ் தண்ணீரும்

படங்களைப் பார்த்தால் எனக்குப் பனாமா வாடல் என்றுதான் படுகிறது. ஃபியூசேரியம் என்கிற பங்கசு (பூஞ்சை) வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகிற குழாய்களில் குடியேறுகிறது. மரம் அதைத் தடுக்கப் பார்த்துத் தன் குழாய்களைத் தானே பசை போன்ற ஒன்றால் அடைத்துக்கொள்கிறது, கடைசியில் தண்ணீர் மேலே ஏறாமல் வயதான இலை முதலில் போகிறது. ஆனால் படத்தை மட்டும் நம்பி நானும் சொல்லக்கூடாது, நீங்களும் செலவு செய்யக்கூடாது.

நன்றாக வாடிய ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்திலிருந்து அரை அடி மேலே குறுக்கே வெட்டிப் பாருங்கள். நல்ல மரம் வெள்ளையாக இருக்கும். பனாமா என்றால் மட்டை மட்டையாகச் சிவப்பும் கபிலமுமாகப் புள்ளிகள் வளையம் போட்டிருக்கும். அதே துண்டை நெடுக்கே பிளந்தால் அந்தப் புள்ளிகள் எல்லாம் கோடுகளாக ஓடுவது தெரியும், சாயத்தில் நனைத்த நூலை உள்ளே இழுத்துவிட்டது மாதிரி. கிழங்கிலும் ஒரு சீவல் சீவுங்கள். அங்கே சுரங்கம் போலத் துளைகளும், கருத்த தூளும், காலில்லாத வெள்ளைப் புழுவும் இருந்தால் அது கிழங்குத் துளைப்பான் வண்டு, அதற்கு வைத்தியம் வேறு.

அடுத்தது கிளாஸ். நிறம் மாறிய தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் கிளாஸில் அதன் நுனி மட்டும் மூழ்கும்படி கட்டித் தொங்கவிட்டு, ஆட்டாமல் அசைக்காமல் கால் மணி நேரம் பாருங்கள். துண்டிலிருந்து பால் போல வெள்ளை இழை ஒன்று கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல், அப்படியானால் கீழே நான் எழுதியிருப்பதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. ஒன்றும் இறங்காமல் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பங்கசுதான். வெட்டிய கத்தியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் அடுத்த மரத்தில் வைக்காதீர்கள்.

மாமா சொல்கிற கச்சானைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் சும்மா சொல்லவில்லை, ஆடி மாதத்து ஊவாக் காற்று வாழை இலையைக் கிழித்துத் தொங்கவிடும், எனக்கும் தெரியும். ஆனால் காற்று ஒரு மூலையை மட்டும் தேடிப்போய் அடிக்காது, மேல் வரிசைதான் முதலில் அடிபடும். உங்களுக்குக் கீழ் மூலையில், தண்ணீர் தேங்குகிற இடத்தில் தொடங்கி மேலே ஏறியிருக்கிறது. தண்டுக்குள்ளே சாயக் கோடு போடுவதும் காற்றின் வேலை இல்லை.

களவு போன பிறகு வாச்சர்

நல்ல பற்றீரியா என்று விற்பதில் பெரும்பாலும் இரண்டு சாதி. ஒன்று பசிலஸ் சப்டிலிஸ், மற்றது சூடோமோனஸ் புளோரசன்ஸ். இரண்டும் மண்ணில் தானாகவே இருப்பவை, ஆய்வுகூடத்தில் பெருக்கித் தூளாகவோ திரவமாகவோ தருகிறார்கள். ட்ரைக்கோடெர்மாவும் பற்றீரியா என்று எழுதியிருந்தீர்கள், அது பற்றீரியா இல்லை. அதுவே ஒரு பங்கசு, கெட்ட பங்கசைச் சுற்றி வளைத்துத் தின்கிற பங்கசு. அதுவும் பயன்தான், ஆனால் பங்கசைக் கொல்கிற மருந்து அதையும் கொன்றுவிடும் என்பதால் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

இவை வேலை செய்கிற விதம் அழகானது. வாழை வேர் தன் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை மண்ணுக்குள் கசியவிடும். அந்த இனிப்புக்கு வருகிற பற்றீரியா வேரின் மேல் மெல்லிய படலமாக உட்கார்ந்துகொள்ளும், பிறகு வருகிற பங்கசுக்கு இடமும் இல்லை சாப்பாடும் இல்லை. பசிலஸ், பங்கசின் தோலை ஓட்டையாக்குகிற பொருட்களைச் சுரக்கும். சூடோமோனஸ் இன்னும் தந்திரக்காரன், மண்ணில் இருக்கிற இரும்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிற ஒரு பொருளை வெளியே விடும், பங்கசு முளைப்பதற்கு அந்த இரும்பு வேண்டும், கிடைக்காது. இதையெல்லாம் விட முக்கியமானது, வேரில் இந்தப் பற்றீரியா இருப்பதை உணர்ந்து மரமே தன் எதிர்ப்பைத் தயாராக வைத்துக்கொள்ளும்.

கவனித்தீர்களா, எல்லாமே பங்கசு வேருக்குள் நுழைவதற்கு முன்னால் நடக்கிற வேலை. பற்றீரியா வாச்சர் மாதிரி, காவல்காரன். தொழுவத்துக் கன்றுக்குட்டியைக் களவெடுத்துக்கொண்டு போன பிறகு வாச்சரைக் கூப்பிட்டு நிறுத்தி என்ன பிரயோசனம்? உங்கள் 27 மரத்திலும் பங்கசு குழாய்க்குள் போய்விட்டது. மேலே எதை ஊற்றினாலும் அந்த மரம் திரும்பாது, போத்தல் மட்டுமல்ல, உலகத்தில் எந்த மருந்தும் அதைத் திருப்பாது. கொழுந்தன் சொல்கிற கொப்பரும் அப்படியே. 1946இல் கொப்புள நோய் வந்ததிலிருந்து தேயிலைக்குக் கொப்பர் அடித்துப் பழகிய ஊர் நம்முடையது, அதனால் அவருக்கு அது ஞாபகம் வருவது நியாயம். ஆனால் கொப்புள நோய் இலை மேல் வருவது, இது வேருக்குள் இருப்பது. அதோடு கொப்பர் பற்றீரியாவைக் கொல்லும், இரண்டையும் ஒரே வாளியில் கரைத்தால் நல்லதை நாமே காசு கொடுத்து வாங்கி நாமே கொன்ற மாதிரி.

சரி, நோய் வராத கன்றுக்கு முன்கூட்டியே கொடுத்தால்? அங்கேதான் இது காசுக்குப் பெறுமதி. அப்போதும் நூற்றுக்கு நூறு என்று நான் சொல்ல மாட்டேன். சாடியில் வைத்துச் செய்த சோதனைகளில் பிரமாதமாகக் காட்டிய பற்றீரியா, தோட்டத்து மண்ணில் பாதி பலன் தந்ததும் உண்டு, சில இடத்தில் ஒன்றுமே தராமல் போனதும் உண்டு. பங்கசு குறைவாக இருக்கிற மண்ணில் நன்றாகக் காக்கும், பங்கசு நிறைந்த மண்ணில் தோற்கும். உங்கள் மேல் வரிசைகள் முதல் வகை. கீழ் மூலை இரண்டாவது.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். பசிலஸ் சப்டிலிஸ் இனத்தை வைத்துத்தான் யப்பானில் சோயாவைப் புளிக்கவைத்துச் சாப்பிடுகிறார்கள், பயப்படுகிற சாமான் இல்லை. தூளைக் கலக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள், கை கழுவுங்கள், வீட்டில் நோயாளி இருந்தால் அவரைக் கலக்க விடாதீர்கள், போதும். நோய் பிடித்த மரத்தின் பழத்தையும் தாராளமாகச் சாப்பிடலாம், அந்தப் பங்கசு மனிதரை ஒன்றும் செய்யாது.

தேயிலை மண்ணும் டொலமைட்டும்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது உங்கள் காணிக்கே உரிய பிரச்சினை, போத்தல்காரருக்குத் தெரியாதது.

தேயிலை புளிப்பு மண்ணில் சந்தோஷமாக வளரும், பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில் (இந்த எண் குறையக் குறைய மண் கூடப் புளிப்பு). வாழைக்கு 6ஐச் சுற்றி இருந்தால்தான் வசதி. பழைய தேயிலை மண்ணில், அதுவும் பல வருடம் அமோனியா உரம் போட்ட மண்ணில் வாழை நட்டால், வாழைக்குப் பிடிக்காத, ஃபியூசேரியத்துக்குப் பிடித்த மண்ணில் நட்டதாக ஆகிறது. கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், தேயிலைக்குப் போட்டு மிஞ்சிய உரத்தை வீட்டுக்காரர் கொண்டுவந்து வாழைக்குப் போடுவார் என்று. அதை நிறுத்துங்கள். அந்தக் கலவை மண்ணை இன்னும் புளிக்க வைக்கிறது.

மேலே சொன்ன இரும்புக் கதை இங்கே வந்து சேர்கிறது. மண் புளித்தால் இரும்பு கரைந்து தாராளமாகக் கிடைக்கும், சூடோமோனஸ் எவ்வளவு பிடித்துவைத்தாலும் பங்கசுக்கு மிச்சம் இருக்கும். மண்ணின் புளிப்பைக் குறைத்தால் இரும்பு அருகிப்போகும், அப்போதுதான் அந்தத் தந்திரம் பலிக்கும். அதாவது புளிப்பைக் குறைக்கிற டொலமைட் கல் தூளைப் போடாமல் பற்றீரியா வாங்குவது பாதிக் காசைக் கானில் விடுகிற மாதிரி. கவ்வாத்து முடிந்த மலைக்கு டொலமைட் போடுவதை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள், சாமான் உங்களுக்குப் புதிதில்லை. எவ்வளவு போடுவது என்பதை மண்ணைச் சோதித்துவிட்டுத்தான் சொல்ல முடியும். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பிடித்து, மேல் பகுதி மண்ணையும் கீழ் மூலை மண்ணையும் தனித்தனிப் பையில் கொடுங்கள். 1920க்கு அழைத்தாலும் விவசாயத் திணைக்களத்தில் பேசலாம். டொலமைட்டை நடுவதற்கு ஒரு மாதம் முந்தியே போட்டுக் கொத்திவிடுங்கள், பற்றீரியாவோடு ஒரே நாளில் கலக்க வேண்டாம்.

கோப்பி செத்தபோது

வாழையை விடலாமா என்று கேட்டீர்கள். விட வேண்டாம், கோலிகுட்டை மட்டும் பாதி விடுங்கள். கோலிகுட்டு, ஆனமாலு, சீனி வாழை மூன்றும் பனாமாவுக்குச் சட்டென்று விழுகிற சாதிகள். அம்புல் வாழை நம் நாட்டில் பொதுவாக வருகிற பனாமாவை நன்றாகத் தாங்கும். அம்புலுக்குக் கோலிகுட்டின் விலை கிடைக்காது, தெரியும், சந்தையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது முதலில் போகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் குலை தள்ளாமல் விழுகிற கோலிகுட்டுக்கு எந்த விலையும் இல்லையே.

பங்கசுக்கு முன்னால் சாதியை மாற்றுவது தோல்வி என்று நினைக்காதீர்கள். உங்கள் மாவட்டத்து மடுல்சீமைப் பக்கம்தான் 1869இல் கோப்பியின் இலைத்துரு முதலில் கண்ணில் பட்டது. அதுவும் ஒரு பங்கசு. இருபது வருடத்துக்குள் மலை முழுக்கக் கோப்பி போய்த் தேயிலை வந்தது, கோப்பிக்கென்று நடந்து வந்த நம் பாட்டன் பூட்டன் கையில் கொழுந்துக்கூடை வந்ததும் அப்படித்தான். வாழையிலும் இதே கதை நடந்தது. நம் ஆனமாலுவை வெளியுலகில் குரோஸ் மிசல் என்பார்கள், ஒரு காலத்தில் மத்திய அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது அதுதான். பனாமா நோய் அதைத் தின்று முடித்து, 1960களுக்குள் அந்த இடத்துக்குக் கவண்டிஷ் என்கிற வேறு வாழைச் சாதி வந்துவிட்டது. பெரிய பெரிய கம்பனிகளே மருந்தால் வெல்ல முடியாமல் சாதியை மாற்றின.

பெட்டிக்குள் வருகிற கன்று

சித்தி மகனுக்கு இன்றைக்கே தொலைபேசி எடுத்து, தூளும் வேண்டாம் கன்றும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் பாசத்தில் சொல்கிறார், ஆனால் அனுமதியில்லாமல் கன்றையோ உயிருள்ள நுண்ணுயிரையோ நாட்டுக்குள் கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தை மீறுகிற வேலை. கட்டுநாயக்கவில் பிடித்தால் பறித்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். எனக்குச் சட்டத்தை விடப் பெரிய பயம் வேறு. டி.ஆர். 4 என்று ஒரு பனாமா வர்க்கம் இருக்கிறது, கவண்டிஷையும் விடாமல் சாய்ப்பது, இந்தியாவில் பீகார்ப் பக்கம் அது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கன்றின் கிழங்கில் ஒட்டின ஒரு சிட்டிகை மண் போதும். இந்தப் பங்கசின் வித்து இருபது முப்பது வருடம் வரைக்கும் மண்ணில் தூங்கிக் கிடக்கும். உங்கள் அரை ஏக்கரோடு அது நிற்காது.

பச்சையாக நிற்கிற மரத்தின் குட்டியை நடலாமா என்ற கேள்விக்கும் இதே பதில், நடக்கூடாது. நோய் உள்ளே போய் வெளியே தெரிவதற்கு மாதக் கணக்காகும். இலை பச்சையாக இருக்கும், கிழங்குக்குள் பங்கசு இருக்கும். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போன தைப்பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு 8 குட்டி கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்காவிடம் சொல்லிவிடுங்கள், தங்கச்சி. சங்கடம்தான். அந்த 8ஐயும் தனியாகக் கவனிக்கச் சொல்லுங்கள், அதிலிருந்து வேறு யாருக்கும் குட்டி கொடுக்க வேண்டாம்.

போத்தலைப் புரட்டிப் பாருங்கள்

இங்கேயே வாங்குவதென்றால் லேபிளில் நாலு விஷயம் இருக்க வேண்டும்: பீடைகொல்லிகள் பதிவாளரின் பதிவு இலக்கம், பற்றீரியாவின் முழுப் பெயர், ஒரு கிராமில் உயிருள்ளவை எத்தனை என்கிற எண்ணிக்கை (10 கோடி என்பது சாதாரணமாகக் காண்கிற அளவு), தயாரித்த தேதியும் முடிகிற தேதியும். நோயைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி விற்கிற எதுவும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவாகியிருக்க வேண்டும், உயிர்ப் பொருள் என்பதால் விலக்கு இல்லை. நீங்கள் அனுப்பிய போத்தல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலைப் படம் இருக்கிறது, ‘100% இயற்கை’ இருக்கிறது, மேலே சொன்ன நாலில் ஒன்றுகூட இல்லை. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த காலத்தில் முளைத்த இந்த மாதிரிப் போத்தல்கள், தடை போன பிறகும் மலையை விட்டுப் போகவில்லை. அவர் திரும்பி வந்து கரைச்சல் கொடுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு முறைப்பாடு செய்யலாம்.

சூடோமோனஸ் தூள் சில மாதம்தான் உயிரோடு இருக்கும். பசிலஸ் வித்தாக உறங்கக்கூடியது என்பதால் கூடக் காலம் தாங்கும். எதுவானாலும் அடுப்புக்கு மேலேயும் தகரக் கூரைக்கு அடியிலும் வைக்காதீர்கள், லயத்து வீட்டில் மண்பானைப் பக்கம்தான் குளிர்ச்சியான இடம். அளவுக்கு லேபிள்தான் கணக்கு. ஒரு மட்டு தெரிவதற்காகச் சொல்கிறேன், தமிழ்நாட்டில் சூடோமோனஸ் தூளை மண்ணுக்குப் போடப் பொதுவாகச் சொல்கிற அளவு ஒரு ஹெக்டயருக்கு 2.5 கிலோ, 50 கிலோ தொழுவுரத்தோடு கலந்து. உங்கள் அரை ஏக்கர் முழுவதற்கும் பார்த்தாலும் அரைக் கிலோதான் வருகிறது.

அரை ஏக்கரை மூன்றாகப் பிரித்து

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். கீழ் மூலையில் நோய் பிடித்த 27ஐயும் அதைச் சுற்றி இரண்டு வரிசையையும் ஒரு பகுதியாகக் கயிறு கட்டிப் பிரிப்பேன். நோய் மரங்களை அங்கேயே வெட்டி, அங்கேயே துண்டாக்கி, சுண்ணாம்பு தூவி, பொலித்தீன் போட்டு மூடிவிடுவேன். மேலே இழுத்துக்கொண்டு வருவதும், ஓடையில் தள்ளுவதும், மாட்டுக்குப் போடுவதும், மூடாக்காகப் பரப்புவதும் கூடாது, நீங்கள் மூடாக்குக்கு என்று வெட்டிவைத்திருப்பதைப் படத்தில் பார்த்தேன், அதையும் அந்தக் குவியலிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு அந்த மூலையைக் கொத்தாமல் புல்லுக்கு விட்டுவிடுங்கள். கானின் வாயில் ஒரு குழி வெட்டித் தண்ணீரையும் மண்ணையும் அதிலேயே தேக்கினால் கீழ்க் காணிக்காரருக்கும் நல்லது.

நடுப் பகுதியில் இப்போது நிற்கிற கோலிகுட்டு காய்க்கிற வரை காய்க்கட்டும், விழ விழ அந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி அம்புல். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுகிற காசு உங்களிடம் இல்லை, தேவையும் இல்லை.

மேல் பகுதியில்தான் பற்றீரியாவுக்கு வேலை. கோலிகுட்டு வேண்டுமென்றால் அங்கே மட்டும் ஒரு 30, அதுவும் இழைய வளர்ப்புக் கன்று. இதில் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது, ஆய்வுகூடக் கன்று என்றால் நோய் பிடிக்காது என்று. அது நோயில்லாமல் வருகிற கன்று, நோய் எதிர்க்கிற கன்று இல்லை. கிருமியே இல்லாத கண்ணாடிப் போத்தலில் வளர்ந்ததால் கெட்டதும் இல்லை நல்லதும் இல்லை, வேர் வெறுமையாக இருக்கும், பங்கசு மண்ணில் வைத்தால் சாதாரணக் குட்டியை விடச் சீக்கிரம் விழும். அதனால்தான் கன்று பையில் இருக்கும்போதே பற்றீரியாவை உட்காரவைக்க வேண்டும். வந்த அன்றே பற்றீரியா கரைத்த தண்ணீரை ஊற்றி, இரண்டு கிழமை கழித்து இன்னொரு முறை, தவறணையில் (நாற்றுமேடையில்) கன்றைப் பார்ப்பது போல நிழலில் வைத்துப் பாருங்கள். இதற்கிடையில் தூளை நன்றாக மக்கிய உரத்தோடு கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற ஈரத்தில், சாக்குப் போட்டு மூடி, இரண்டு கிழமை வைத்திருந்து அதையே குழிக்குப் போடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை என்று நாலைந்து மாதத்துக்கு வேரடியில். கச்சான் அடிக்கிற காய்ந்த மண்ணில் ஊற்றினால் செத்துப்போகும், ஐப்பசி மழை தொடங்கி மண் நனைந்த பிறகு செய்யுங்கள், மாலை வேளையில்.

அந்த 30இல் 10 கன்றுக்குப் பற்றீரியா கொடுக்காமல் விடுங்கள். குச்சியில் சிவப்புத் துணி கட்டிவையுங்கள். ஒன்றரை வருடத்தில் இரண்டு பக்கத்தையும் பார்த்து, உங்கள் மண்ணில் இது காசுக்குப் பெறுமதியா இல்லையா என்று நீங்களே சொல்வீர்கள், யாரும் மோட்டார் சைக்கிளில் வந்து சொல்லத் தேவையில்லை.

வேலை எப்போதும் மேலிருந்து கீழே. கீழ் மூலைக்கென்று தனியாக ஒரு கத்தி, ஒரு மண்வெட்டி, ஒரு சோடி செருப்பு. குலை வாங்க வருகிற லொறிக்காரரைக் காணிக்குள் இறக்காதீர்கள், பாதைக்குக் கொண்டுவந்து கொடுங்கள். இது மரத்திலிருந்து மரத்துக்குக் காற்றில் பறக்கிற நோய் இல்லை, மண்ணில் ஒட்டிக்கொண்டு போகிற நோய், செருப்புதான் அதற்கு வாகனம்.

காணிக்காரர் விஷயம்

நான் சட்டத்தரணி இல்லை, அதனால் கொஞ்சம்தான் சொல்வேன். நோயை நீங்கள் கொண்டுவந்தீர்கள் என்று நிரூபிப்பது அவருக்கு லேசு இல்லை. முன்பு அங்கே யாராவது வாழை வைத்திருந்தார்களா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். நீங்கள் முதலில் நட்ட குட்டியை எங்கே வாங்கினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். உங்கள் பக்கம் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: குத்தகை வாய்ப்பேச்சு என்கிறீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் நிற்காது. இன்னும் 4 வருடம் பாக்கி இருக்கும்போது டொலமைட்டும் கன்றும் வாங்கி அந்த மண்ணில் கொட்டுவதற்கு முன்னால், சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒருமுறை பேசி, எழுத்தில் எடுத்துவிடுங்கள். நோய் மூலையைப் பிரித்துக் கான் வாயில் குழி வெட்டுகிற திட்டத்தை அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள், அவருடைய மண்ணைத்தானே காப்பாற்றப் போகிறீர்கள். எழுதித் தர மாட்டேன் என்றால், கன்றுக்குக் காசு போடாதீர்கள்.

இப்போதைக்குச் செலவில்லாத வேலை கத்தியும் கிளாஸும். தண்டை வெட்டின படத்தையும் கிளாஸின் படத்தையும் அனுப்புங்கள், படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள், போன தடவை எது எவ்வளவு பெரிது என்று தெரியாமல் திண்டாடிவிட்டேன்.